'ஓ'வன்னாவில் ஒரு பேர் சொல்லுங்க சார்!

நம் ஊரில் ஒருவன் தகப்பனாகிவிட்டான் என்று தெரிந்ததும் சுற்றியிருப்பவர்கள் மூன்று கேள்வி கேட்பார்கள். என்ன குழந்தை? எத்தனை கிலோ? என்ன பேரு? முதல் இரண்டுக்கும் ஆஸ்பத்திரி நர்ஸே பதில் சொல்லிவிடுவார். மூன்றாவதில்தான் தகப்பனைப் பிடித்து உலுக்கிவிடுகிறார்கள்.

எனக்குப் பையன். மூன்று கிலோ நூறு கிராம். "பேரு இன்னும் வைக்கலை சார்" என்றேன். ஆபீஸே கூடிவிட்டது. சம்பள உயர்வு எப்போது வரும் என்று கேட்டால் ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொள்ளும் ஹெட் கிளார்க்கூட எழுந்து வந்து, "நட்சத்திரம் என்ன?" என்றார்.

ரோகிணி. முதல் பாதம். இங்கேதான் வம்பு ஆரம்பம்.

பஞ்சாங்கத்தில் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் பாதத்துக்கு ஒன்றாக நான்கு எழுத்து ஒதுக்கியிருக்கிறார்கள். என் மாமியார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். "மாப்ளே, ரோகிணிக்கு ஓ, வ, வி, வு. முதல் பாதம்கிறதால நம்ம பிள்ளைக்கு 'ஓ'."

"ஓ!" என்றேன்.

"ஆமா, அதேதான்" என்றார்.

இரண்டாம் பாதத்தில் பிறந்திருந்தால் 'வ'. வசந்தன், வளவன், வருண் என்று வரிசையில் நிற்கும். மூன்றாம் பாதம் என்றால் விஜய், விக்னேஷ், வினோத். நம்ம ஆள் அவசரப்பட்டு முதல் பாதத்திலேயே குதித்துவிட்டான்.

ரோகிணி என்றதும் இன்னொரு ஆளுக்கு வேர்த்துவிட்டது. என் மைத்துனன். ரோகிணியில் ஆண் குழந்தை பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்று ஒரு நம்பிக்கை. கிருஷ்ணன் ரோகிணியில் பிறந்ததும், அவன் மாமன் கம்சன் கதி என்ன ஆனது என்பதும் ஊருக்கே தெரியுமே! கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங் படித்த பையன், கிண்ணத்து நல்லெண்ணெயில் குழந்தையின் முகத்தைப் பார்த்த பிறகுதான் நேராகப் பார்த்தான். பேர் வைக்கும் விஷயத்திலும் அவன் நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். "மாமா, கிருஷ்ணன் சம்பந்தப்பட்ட பேர் மட்டும் வேணாம்."

எழுத்து விஷயத்தில் நாங்களாவது பரவாயில்லை. திருவாதிரை மூன்றாம் பாதத்துக்கு என்ன எழுத்து தெரியுமோ? 'ங'! அரிச்சுவடியில் 'ஙப்போல் வளை' என்று படித்ததோடு நாம் மறந்துபோன அந்த 'ங'தான். எந்தத் தகப்பன் என்ன பேரைக் கண்டுபிடிப்பான்? பரணிக்காரர்கள் பாடு இன்னும் வேடிக்கை. பரணியில் பிறந்தவன் தரணி ஆள்வான் என்பார்கள். ஆனால் அதற்கு ஒதுக்கிய எழுத்து லி, லு, லே, லோ. சொல்லுக்கு முதலில் 'ல' வரக்கூடாது என்பது தொல்காப்பியர் போட்ட சட்டம். அதனால்தான் லட்சுமணனை இலட்சுமணன் என்றும் ராமனை இராமன் என்றும் எழுதினார்கள். ஆக, பரணியில் பிறந்த குழந்தைக்குச் சுத்தத் தமிழில் பேர் வைக்கவேண்டும் என்று ஒரு தமிழாசிரியர் ஆசைப்பட்டால், தரணியை ஆளலாம், பேர் மட்டும் வைக்க முடியாது!

எழுத்து போகட்டும். இந்தக் காலத்துப் பெற்றோருக்கு இன்னொரு ஆசையும் இருக்கிறது. "வேற யாருக்கும் இல்லாத பேரா இருக்கணும்." என் மனைவியும் அதையேதான் சொன்னாள். எல்லோரும் ஒரே செல்போன் செயலியில் தேடினால் எல்லோருக்கும் கிடைப்பது அந்த 'யாருக்கும் இல்லாத' ஒரே பேர்தான். எங்கள் தெரு பிளே ஸ்கூல் வாசலில் நின்றுகொண்டு 'ரித்...' என்று ஆரம்பித்துப் பாருங்கள். முடிப்பதற்குள் நாலு பேர் திரும்புவார்கள். ரித்விக், ரித்திக், ரித்தீஷ், ரித்தின். அந்தச் செயலிகளில் அர்த்தம் வேறு போட்டிருப்பார்கள். எந்தப் பேரைத் தட்டினாலும் 'ஒளி, வலிமை, சிவபெருமான்' மூன்றில் ஒன்று வரும். வடமொழி தெரிந்த ஒருவரிடம் கேட்டால், "அப்படி ஒரு சொல்லே இல்லையே" என்பார்.

விசித்திரமான பேர் ஆசைக்கு எல்லை உண்டா என்றால், சுவீடனில் ஒரு தம்பதி காட்டியிருக்கிறார்கள். பிள்ளைக்கு ஐந்து வயதாகியும் பேரைப் பதியவில்லை என்று 1996-ல் ஒரு கோர்ட் 5000 குரோனர் அபராதம் போட்டது. கோபத்தில் அவர்கள் கொடுத்த பேர் மொத்தம் 43 எழுத்து. எழுத்தும் எண்ணும் கலந்து, டைப்ரைட்டர் மேல் பூனை நடந்த மாதிரி. அதை 'ஆல்பின்' என்று உச்சரிக்க வேண்டுமாம்! கோர்ட் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பிள்ளையின் வாத்தியார் தப்பித்தார்.

எங்கள் வீட்டில் அவ்வளவு தூரம் போகவில்லை. மூன்று நாள் விவாதத்துக்குப் பிறகு களத்தில் மூன்று பேர் நின்றன. மாமியார் கட்சி: ஓம்கார். மனைவி கட்சி: ஓவியன். அடியேன் சுயேச்சை: ஓரி.

ஓம்கார் முதல் சுற்றிலேயே அவுட். என் அம்மா தொட்டில் பக்கம் போய் ஒத்திகை பார்த்தாள். "ஓங்காரம்... ஏ ஓங்காரம்..." என்றாள். பிள்ளை வாந்தி எடுத்தான். எங்கள் ஊர்ப் பக்கம் 'ஓங்கரிப்பது' என்றால் என்ன அர்த்தம் என்று மாமியாருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஓரி விஷயத்துக்கு வருகிறேன். கடையெழு வள்ளல்களில் பாரியும் பேகனும் தெரிந்த அளவுக்கு ஓரியை நமக்குத் தெரியாது. கொல்லிமலையை ஆண்டவன். வில்லாளி, அதனால்தான் வல்வில் ஓரி. அவன் விட்ட ஒரே அம்பு யானையைத் துளைத்து, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் துளைத்து, கடைசியில் புற்றில் இருந்த உடும்பில் போய்த் தைத்தது என்று புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். ஒரு கல்லில் இரண்டு மாங்காய் அடிப்பதையே பெருமையாகச் சொல்லும் ஊரில், ஒரு அம்பில் ஐந்து! நாமக்கல் பக்கமிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, வாந்தி வராமல் செம்மேடு போய்ச் சேர்ந்தால் குதிரை மேல் அவன் சிலை நிற்கும். ஆடி மாதம் அரசாங்கமே விழா எடுக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் ஒருமுறை அங்கே போனபோதே, பையன் பிறந்தால் இவன் பேர்தான் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டே எழுத்து. கூப்பிடச் சுலபம். வகுப்பில் இன்னொரு ஓரி இருக்கவே மாட்டான்.

ஆபீஸில் சொன்னேன். பக்கத்து சீட் நண்பர் தமிழ் எம்.ஏ. "பேஷ்!" என்றார். உடனே, "ரெண்டாவது பையன் பிறந்தா காரின்னு மட்டும் வெச்சிடாதீங்க" என்றார்.

"ஏன் சார், அவரும் வள்ளல்தானே?"

"வள்ளல்தான். ஓரியைக் கொன்னதே அந்தக் காரிதான். கொன்னுட்டு கொல்லிமலையைத் தூக்கி சேரன் கையில குடுத்துட்டார்."

வள்ளல்கள் என்றால் அப்படித்தான் போலிருக்கிறது.

இப்படிப் பழைய ராஜா பேரைப் பிள்ளைக்கு வைப்பதை இன்று வித்தியாசம் என்கிறோம். வித்தியாசம் எவ்வளவு நாளைக்கு வித்தியாசமாக இருக்கும் என்பதுதான் கேள்வி. சூரியநாராயண சாஸ்திரி பரிதிமாற் கலைஞர் ஆனபோதும், வேதாசலம் மறைமலை அடிகள் ஆனபோதும் அக்கம்பக்கத்தார் புருவத்தைத் தூக்கியிருப்பார்கள். நாராயணசாமி நெடுஞ்செழியனானார். ராமையா அன்பழகனானார். அன்றைக்கு அது புதுசு. இன்றைக்கு எங்கள் ஆபீஸிலேயே இரண்டு அன்பழகன். ஒருவர் கேஷ், ஒருவர் டெஸ்பாட்ச். 'கேஷ் அன்பு', 'தபால் அன்பு' என்று பிரித்து வைத்திருக்கிறோம். 1953 மார்ச் 1-ல் பிறந்த பிள்ளைக்குக் கலைஞர் ஸ்டாலின் என்று பேர் வைத்தார். அதே மார்ச் 5-ல் ரஷ்யாவில் அந்த ஸ்டாலின் இறந்துபோனார். தமிழ்நாட்டுத் தாத்தா பாட்டிகளின் வாயில் நுழையாத பேர்தான். இன்று யாருக்காவது அது வாயில் நுழையாமல் இருக்கிறதா? கிரிக்கெட் ரசிகர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். கவாஸ்கர் தன் மகனுக்கு ரோஹன் ஜெய்விஷ்வா என்று வைத்தார். ரோஹன் கன்ஹாய், ஜெய்சிம்மா, விஸ்வநாத் என்று மூன்று பேட்ஸ்மேன்கள் ஒரே பிள்ளைக்குள்! டெண்டுல்கரின் அப்பா பேர் எடுத்ததோ சினிமா பாட்டிலிருந்து. இசையமைப்பாளர் சச்சின் தேவ் பர்மன்தான் அந்த சச்சின்.

ஆக, புதுப் பேர் வைப்பதில் தப்பே இல்லை. அடியேன் பி.காம். எதையும் வரவு-செலவு போட்டுப் பார்த்துத்தான் பழக்கம். பேரின் அர்த்தம், பெருமை எல்லாம் வரவுப் பக்கம். அது வைத்தவருக்கு. செலவுப் பக்கம் முழுக்கப் பிள்ளை தலையில்தான் விழும். போனில் பேரைச் சொல்லி, எழுத்தெழுத்தாகச் சொல்லி, மறுபடி சொல்லி, "இல்லைங்க, அது இல்லைங்க" என்று அறுபது வருஷம் அவன்தானே சொல்லப் போகிறான்! எழிலன் என்று எவ்வளவு அழகான பேர். நம் சிறப்பு 'ழ'வை இங்கிலீஷில் 'இசட்-ஹெச்' போட்டு எழுதி, வடக்கே மாற்றலாகிப் போனால் 'எஸிலான்ஜீ' ஆகிவிடுகிறது. கீழடிப் பானை ஓட்டில் ஆதன் என்று ஒரு பேர் கிடைத்திருக்கிறது. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் பழசு. கேட்கவே சிலிர்க்கிறது. ஆனால் இங்கிலீஷில் ஒரு 'ஏ' குறைத்து, தனாவுக்கு 'டி-ஹெச்' போட்டு எழுதினால் அட்டெண்டன்ஸ் எடுக்கும் டீச்சர் 'அத்தான்' என்று படித்துவிடுவார். வகுப்பு தாங்குமா?

அதனால் என் வேட்பாளர் ஓரியையும் பரீட்சையில் உட்கார வைத்தேன். அம்மா பரீட்சை: பாஸ். "ஓரி, வாடா" என்று சுத்தமாகச் சொன்னாள். போன் பரீட்சை: மைத்துனன் "ஓரியோவா மாமா? பிஸ்கட்டா?" என்றான். சரி, பாதி மார்க். நியூமராலஜிக்காரரிடம் ஐந்நூறு ரூபாய் கொடுத்தார் மாமியார். அவர் கணக்கில் 'ஓ' ஏழு, 'ஆர்' இரண்டு, 'ஐ' ஒன்று. கூட்டினால் பத்து. "சூரியன்! பிரமாதம்!" என்றார். நெடில் தெரிய இன்னொரு 'ஓ' சேர்க்கலாமா என்றேன். பதினேழு, அதாவது எட்டு. "சனி!" என்று பேப்பரை மடித்து வைத்துவிட்டார். ஓரியை நீட்டாமல் சொன்னால் சூரியன், நீட்டினால் சனி!

இத்தனையும் தாண்டி வந்தவனைக் கவிழ்த்தது எங்கள் ஆபீஸில் புதுசாகச் சேர்ந்த ஜூனியர் அசிஸ்டெண்ட். பையன் பேரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பார்த்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு சீட்டை என் பக்கம் தள்ளினான்.

"சார்... இனிஷியலோட சேர்த்துப் படிங்க சார்."

என் பேரின் முதல் எழுத்து தமிழில் 'செ'. செ. ஓரி. கம்பீரம்! முன்னெழுத்தையும் தமிழிலேயே போடச் சொல்லி 2021 டிசம்பரில் அரசாணையே வந்திருக்கிறது. ஆனால் பேங்க், பாஸ்போர்ட், பரீட்சை ஹால் டிக்கெட் எல்லாம் இங்கிலீஷ் ஆச்சே. இங்கிலீஷில் என் இனிஷியல் எஸ். அதன் பக்கத்தில் ஓ, ஆர், ஐ. சேர்த்துப் படியுங்கள்.

சொறி!

ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு... ஆறாவதாக நான். ஆறாம் வகுப்புப் பையன்கள் கண்ணில் இது படாமல் இருக்குமா? வருஷக் கணக்கில் என் பிள்ளை முதுகை யாராவது சொறிந்துவிட்டுக்கொண்டே இருப்பார்கள். கொல்லிமலை மன்னனுக்கு மானசீகமாக ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவைத்தேன்.

இத்தனை பேர் இத்தனை நாள் பேசியும் வீட்டில் ஒரே ஒருத்தர் மட்டும் வாயே திறக்கவில்லை. என் அப்பா.

பேரன் என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்தது. தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். இது வெறும் பாசம் இல்லை, ஏற்பாடு. நமக்கு வம்சப் பேர் கிடையாது, இனிஷியல்தான் உண்டு. என் இனிஷியலில் அப்பா இருக்கிறார். என் பையன் இனிஷியலில் நான் இருப்பேன். அப்பா? லெட்ஜரில் பக்கம் திருப்பியதும் பழைய பாக்கியை எடுத்து எழுதாமல் விட்ட மாதிரி, மூன்றாம் தலைமுறையில் ஆள் காணாமல் போய்விடுவார். 2022 நவம்பரில் அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பேர் மட்டும் இருந்தால் விசிட் விசாவில் வரமுடியாது என்று சொன்னதிலிருந்து, நம் ஆட்கள் அப்பா பேரைக் குடும்பப் பேர் இடத்தில் போடுகிறார்கள். அங்கேயும் என் பையனுக்கு நான்தான் வருவேன். அதற்குத்தான் மூத்த பேரனுக்குத் தாத்தா பேரை வைத்து, கணக்கை முன்னே கொண்டுபோனார்கள்.

ஆனால் எங்கள் வீட்டில் அதை யாரும் பேச்சில் எடுக்கவில்லை. காரணம் அப்பாவின் பேர். அதன் முன்பாதி 'பிச்சை'.

மனைவிதான் ஒரு ராத்திரி, "ஏங்க, மாமா மனசுல வருத்தம் இருக்குமோ?" என்றாள். அடுத்த அறையிலிருந்து மாமியார் இருமினார். "2015-ல கூகுளுக்கே தலைவரா வந்தவர் பேர்லயும் பிச்சை இருக்கு" என்று நான் சுவரைப் பார்த்துச் சொன்னேன். இருமல் நின்றது.

மறுநாள் மாலை அப்பா மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். பிள்ளையின் துணிகளை அவர்தான் எடுத்து மடிப்பார். நான் பக்கத்தில் போய் நின்றேன். வார்த்தை வரவில்லை. கடைசியில், "அப்பா, பிள்ளைக்கு உங்க பேரைச் சேர்த்து வைக்கலாம்னு..." என்று இழுத்தேன்.

அவர் மடிப்பதை நிறுத்தவில்லை. "எனக்கு அந்தப் பேரு எதுக்கு வந்துச்சுன்னு தெரியுமாடா?"

அரைகுறையாகத் தெரியும். அவர் வாயால் கேட்டதில்லை.

"எனக்கு முன்னாடி ரெண்டு பிள்ளை. ரெண்டும் தங்கலை. மூணாவதா நான். எங்காத்தா என்னை முறத்துல போட்டுப் பக்கத்து வீட்டுக்காரிகிட்ட குடுத்துட்டு, ஒரு படி தவிட்டைக் குடுத்துத் திருப்பி வாங்கிச்சு. எமன் வந்து பார்த்தான்னா, இது யாரோ போட்ட பிச்சை, நமக்கு வேணாம்னு போயிரணும். அதுக்குத்தான் பேரு." ஒரு சின்னச் சட்டையை உதறினார். "எனக்கு அறுபத்தெட்டு ஆகுது. அந்தப் பேரு அது வேலையைப் பார்த்து முடிச்சிருச்சு. ஆஸ்பத்திரில பொறந்து, ஊசியெல்லாம் போட்டு, மூணு கிலோ இருக்கான் இவன். இவனை எதுக்குடா ஒளிச்சு வைக்கணும்? நல்ல பேரா, நாலு பேர் முன்னாடி சத்தமாச் சொல்ற பேரா வைங்க."

குப்புசாமி, பிச்சை, மண்ணாங்கட்டி என்று அந்தக் காலத்துப் பேர்களைக் கேட்டு நாம் சிரிக்கிறோம். குப்பையில் புரட்டி எடுத்தும், தவிட்டுக்கு விற்றும், எப்படியாவது ஒரு பிள்ளை தங்கவேண்டும் என்று தவித்தவர்கள் வைத்த பேர் அது. அர்த்தம் என்னவென்று செயலியில் தட்டினால் வராது.

அடுத்த வாரம் பிறப்புச் சான்றிதழில் பேர் சேர்க்க ஆபீஸுக்கு அரை நாள் லீவு போட்டேன். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும். பேருக்கு மட்டும் கொஞ்சம் தாராளம். ஒரு வருஷம் வரை கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம், அதற்கு மேல் 15 வருஷம் வரை தாமதக் கட்டணம். ஏறியபிறகு மாற்றுவது சுலபமில்லை. அரசிதழ் வரை அலையவேண்டியிருக்கும். அதிலும் 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்கு ஸ்கூல், லைசென்ஸ், வேலை என்று எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு இந்த ஒரு காகிதம்தான் ஆதாரம். இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கைப் பேப்பரில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். கவுன்டரில் இருந்தவர் டைப் அடித்து, ஸ்கிரீனை என் பக்கம் திருப்பி, "எழுத்தெழுத்தாப் பார்த்துச் சொல்லுங்க சார்" என்றார். பார்த்தேன். இனிஷியலோடு சேர்த்தும் ஒரு தடவை படித்துப் பார்த்தேன். ஓவியன். வில்லங்கம் எதுவும் இல்லை. (எண் கணிதத்தில் 21. அதுவும் நல்லதாம். ஐந்நூறு ரூபாய் வீண்போகவில்லை.)

வீட்டில் இன்னும் அவனை அந்தப் பேர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. என் அம்மாவுக்குச் செல்லக்குட்டி. மனைவிக்கு அம்முக்குட்டி. மாமியாருக்கு, மைத்துனன் பக்கத்தில் இல்லாதபோது, கிருஷ்ணா. அப்பா மட்டும் சாயங்காலம் தொட்டில் பக்கம் நின்று, அட்டெண்டன்ஸ் எடுக்கிற மாதிரி, "செ. ஓவியன்!" என்று சத்தமாகக் கூப்பிடுகிறார். அவன் கட்டைவிரலைச் சப்புவதை நிறுத்திவிட்டு ஒரு பார்வை பார்க்கிறான்.

"பிரசன்ட்" என்கிறார் அப்பா, அவனுக்காக.